ஒட்டப்படாத ஸ்டிக்கர்

புது கவுனின் ஜிப் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

சரியாக ஒரு மாதம் முன்பு அளவெடுத்துத் தைத்தது. தையற்காரி நாடாவை இரண்டு தடவை சுற்றிப் பார்த்துத்தான் துணியை வெட்டினாள். வலது பக்கம் ஒழுங்காக உட்கார்ந்தது. இடது பக்கம் மட்டும், இன்னும் ஒரு மூச்சு விட்டால் பிரிந்துவிடுவேன் என்று தையல் மிரட்டியது.

"ஒரே மாசத்துல ஒரு பக்கம் மட்டும் குண்டாகிற அதிசயம் எனக்குத்தான் நடக்கும்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள் டாக்டரம்மா.

எல்லோரும் டாக்டரம்மா என்று கூப்பிடுகிறார்களே தவிர, அவள் டாக்டர் இல்லை. பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். டாக்டர் அவளுடைய கணவர். அழகு அறுவை சிகிச்சை நிபுணர். நாலு சாலை கூடுகிற இடத்தில் அவருடைய க்ளினிக்கின் விளம்பரப் பலகை இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கிறது. அதில் கழுத்துக்குக் கீழே தெரிகிற உடம்பு டாக்டரம்மாவுடையது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. பதினாலு வருடமாக அவள் தலையை வெட்டித்தான் அந்த வீடு நடக்கிறது.

போன வாரம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுதாள். போன அத்தியாயத்தில் அங்கேதான் நாம் அவளை விட்டுவிட்டு வந்தோம். இடது மார்பில் வீக்கம் ஆரம்பித்து மூன்று வாரம். சொல்லி அழ ஒரு ஆள் இல்லை. தங்கை இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அந்தச் சின்னவள்தான் பதினாலு வருடத்துக்கு முன்பு ஒருநாள் திடீரென்று பேச்சை நிறுத்தினாளே! ஏன் என்று கேட்டதற்கு, "உன் வீட்டுக்காரர்கிட்டயே கேளு" என்று ஒரே வரி. கேட்டாள். "உன் தங்கச்சிக்கு உன்மேல பொறாமை" என்றார் டாக்டர். இவளும் நம்பினாள். நம்புவது அப்போது பழக்கமாக இருந்தது.

அழுது தீர்ந்தது. இன்று சனிக்கிழமை. க்ளினிக்கின் பதினைந்தாம் ஆண்டு விழா. கவுனுக்குள் நுழைந்தே ஆக வேண்டும்.

ஜிப்பை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள்.

டாக்டர் ஒரு கையில் ரொட்டித் துண்டும் மறு கையில் சாயங்காலப் பேச்சுமாக உட்கார்ந்திருந்தார். 'அழகு என்பது ஒரு உரிமை' என்ற வரிக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க."

"பாத்தேனே. கலர் எடுப்பா இருக்கு."

"கவுனை இல்ல. என்னை."

டாக்டர் பார்த்தார். இரண்டு விநாடி. முகம் தெரியாத ஒரு பேஷன்டுக்கு அவர் ஒதுக்குவது பத்து நிமிடம்.

"லேசா தண்ணி கோத்திருக்கும். தூங்கும்போது அழுத்தியிருப்பே."

"மூணு வாரமாவா? படுக்கறது நானா, ரோடு ரோலரா?"

"இதுல என்ன நக்கல்?"

"மார்புல இம்ப்ளான்ட் வச்சு இத்தனை வருஷம் கழிச்சு ஒரு பக்கம் மட்டும் திடீர்னு வீங்கினா, ஊசி போட்டு அந்தத் தண்ணியை எடுத்து டெஸ்ட் பண்ணணும்னு படிச்சேன். சுத்தி இருக்கிற சவ்வுல ஒரு மாதிரி கேன்சர் வரலாமாம்."

"எங்க படிச்சே? போன்லதானே?" டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பை விளம்பரத்துக்காகவே பயின்றிருந்தார். "அது சொரசொரப்பு வகை இம்ப்ளான்ட்டுக்கு வர்றது. உப்புத்தாள் மாதிரி மேல்தோல் இருக்குமே, அதுக்கு. உனக்கு வச்சது வழவழப்பு. கார்டுல என் கையாலேயே எழுதிக் குடுத்திருக்கேனே!"

கார்டு அவள் கைப்பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். உருண்டை வடிவம், வழவழப்பு, சிலிக்கான் ஜெல், அளவு 275 சி.சி. நீல மையில் அவருடைய கையெழுத்து.

"வழவழப்புக்கு வராதா?"

"வராதுன்னா வராது. சாயங்காலம் ஒரு சால்வையைப் போட்டுக்க. மேடைக்கு வந்து, பதினாலு வருஷமா ஒரு சின்னத் தொந்தரவுகூட இல்லேன்னு ரெண்டு வார்த்தை சொல்லு. அறுபது பேர் வர்றாங்க. என் பழைய டைரியில இருந்த நம்பர் ஒண்ணு விடாம கூப்பிடச் சொல்லிட்டேன். எல்லாம் முதல் வருஷத்து ஆளுங்க. நீதான் அவங்களுக்கு உதாரணம்."

"உதாரணத்துக்கு ஜிப் ஏறலைங்க."

டாக்டர் அடுத்த வரிக்குக் கோடு போடப் போய்விட்டார்.

*

க்ளினிக் கூடத்தின் நடுவில் ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி ஒன்று புதிதாக முளைத்திருந்தது. மேலே தங்க எழுத்தில் 'அழகின் அறிவியல் பயணம்'. உள்ளே சிவப்பு வெல்வெட். அதன்மேல், நூறு வருடத்துக்கும் மேலாக டாக்டர்கள் பெண்களின் மார்புக்குள் எதையெல்லாம் திணித்துப் பார்த்தார்களோ, அதெல்லாம் மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

டாக்டரம்மா ஏறாத ஜிப்பைச் சால்வையால் மறைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தபோது பெரியக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் நின்றாள். டாக்டருடைய அக்கா. ஆபரேஷன் தியேட்டரின் தலைமை நர்ஸ். தியேட்டர் விளக்கு முதல் தம்பியின் கோபம் வரை எதை எப்போது அணைக்க வேண்டும் என்று தெரிந்தவள்.

"இது என்னய்யா, பில்லியர்ட்ஸ் பந்தா?"

அலங்கார வேலைக்கு வந்தவர் கண்ணாடி துடைப்பதை நிறுத்தினார். "தந்தம் சிஸ்டர். நிஜம் இல்ல, மாதிரி. பக்கத்துல இருக்கறது கண்ணாடி உருண்டை. அந்தக் காலத்துல இதையெல்லாம் வச்சுப் பாத்திருக்காங்க."

"கண்ணாடி உருண்டையா! வச்சுக்கிட்டவ தடுக்கி விழுந்தா என்ன ஆகும்னு ஒருத்தனும் யோசிக்கலையா?"

"டாக்டர் எழுதிக் குடுத்ததுல அது இல்லீங்க."

டாக்டர் எழுதிக் கொடுத்ததில் பல விஷயங்கள் இல்லை. மெழுகு ஜாடிக்குக் கீழே 'துணிச்சலான முன்னோடிகள்' என்று இருந்தது. உருக்கிய பாரஃபினை ஊசியில் ஏற்றிய அந்த முன்னோடிகள் துணிச்சல்காரர்கள்தான். மெழுகு கட்டி கட்டியாக இறுகியதும், இடம் விட்டு இடம் நகர்ந்ததும், தோல் புண்ணாகி உடைந்ததும் ஊசியின் மறுமுனையில் படுத்திருந்தவளுக்கு. அவளைப் பற்றி அட்டையில் ஒரு எழுத்து இல்லை.

அதற்கு அடுத்தது ஒரு பஞ்சுத் துண்டு. 'மென்மையின் யுகம்'.

"நல்ல மென்மை" என்றாள் பெரியக்கா. "உள்ள போய் ஒரு வருஷத்துல சுருங்கி, கல்லு மாதிரி ஆயிடும். அப்புறம் சிலிக்கானைத் தண்ணியாவே ஊசியில ஏத்தினானுங்க. மெழுகு பண்ணின அதே கூத்து, பேர் மட்டும் புதுசு. வா, வா" என்று டாக்டரம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டினாள். "உன் வீட்டுக்காரன் காட்சி வச்சிருக்கான். டிக்கெட் இல்ல, வந்து பாரு."

"இந்தப் பைக்கு ஏதோ கதை இருக்காமே சிஸ்டர்?" அலங்காரக்காரர் நடுவில் இருந்த ஜெல் பையைக் காட்டினார். 'புதுயுகம் பிறந்தது' என்று அதற்கு மட்டும் இரட்டிப்பு எழுத்து.

"அறுபதுகள்ல வந்தது. முதல்ல ஒரு நாய்க்கு வச்சுப் பாத்தாங்க. அது தையலைக் கடிச்சுப் பிச்சிடுச்சு. எடுத்துட்டாங்க. அடுத்தது ஒரு பொண்ணு. அவ வந்தது பச்சை குத்தினதை அழிக்க. இதை வச்சுக்கிறியான்னு டாக்டருங்க கேட்டாங்க. எனக்குக் காதைத்தான் சரி பண்ணணும்னா. காதையும் பண்ணித் தர்றோம், இதையும் வச்சுக்கன்னாங்க."

"காதுக்கு வந்தவளுக்கா?"

"அவ காதைக் காட்டினா. அவனுங்க கண்ணு அங்க போகல."

அலங்காரக்காரர் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"அக்கா" என்றாள் டாக்டரம்மா மெல்ல, "இதுல எது எந்த வகைன்னு எனக்கு ஒழுங்கா சொல்லுங்க. பதினாலு வருஷமா உள்ள வச்சிருக்கேன், ஒருநாளும் கேட்டதில்ல."

பெரியக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கவுனின் இடது பக்கத்தைப் பார்த்தாள். பத்து விநாடி. தம்பியைவிட ஐந்து மடங்கு.

"எத்தனை நாளா?"

"மூணு வாரம். வழவழப்புதான், பயமில்லைன்னாரு."

பெரியக்கா கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பினாள். "இது உப்புத்தண்ணி அடைச்ச பை. ஓட்டை விழுந்தா ரெண்டே நாள்ல சப்பையாயிடும். யோக்கியமான சரக்கு, கெட்டுப் போனா சொல்லிடும். இது ஜெல். இது சொல்லாது. உள்ளேயே கசிஞ்சுக்கிட்டு, வெளியில ஒண்ணும் தெரியாம கமுக்கமா இருக்கும். ஸ்கேன்லதான் மாட்டும்."

"எங்க வீட்டுல ஒருத்தர் இந்த வகை."

"அவனை நான் உனக்கு முன்னாடி இருந்து பாக்கறேன். இது கெட்டி ஜெல், பாதியா வெட்டினாக்கூட வழியாது. துளி வடிவத்துல வரும். துளி உள்ள திரும்பிக்கிட்டா மார்பு கோணிடும் இல்லையா? அதனால சதையைப் பிடிச்சுக்கட்டும்னு மேல்தோலைச் சொரசொரப்பா பண்ணினாங்க. உருண்டையிலயும் அப்படிப் பண்ணினாங்க, சுத்தி இருக்கிற சவ்வு இறுகாதுன்னு. கடைசியில அந்தச் சொரசொரப்புலதான் வில்லங்கம். ஒரு பெரிய கம்பெனி ஊர் உலகம் பூரா வித்ததைத் திருப்பி வாங்கிக்கிச்சு. வித்ததைத்தான். வச்சதை எப்படி..."

வாக்கியம் அறுந்தது.

பெட்டியின் கீழ்த்தட்டில், அலங்காரத்துக்காக நாலு அட்டைப் பெட்டிகள் கோபுரமாக அடுக்கப்பட்டிருந்தன. வெள்ளை அட்டை, தங்க எழுத்து. இம்ப்ளான்ட் வருகிற பெட்டிகள்.

"இதை எங்கய்யா பிடிச்சே?"

"ஸ்டோர் ரூம்ல, மேல் அலமாரியில சிஸ்டர். பழசு எது இருந்தாலும் எடுத்து வைன்னு டாக்டர் சொன்னாரு. தங்க எழுத்து பளிச்சுன்னு இருந்துச்சு. எல்லாம் காலிப் பெட்டிதான்."

"பூட்டைத் திற."

*

பெரியக்காவின் தியேட்டரில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு இம்ப்ளான்ட் பெட்டியிலும் நாலு ஸ்டிக்கர் வரும். நாலிலும் ஒரே சீரியல் நம்பர். பெட்டியைப் பிரித்ததும் அவள் முதலில் எடுப்பது அந்த ஸ்டிக்கர் தாளைத்தான். ஒன்று ஆபரேஷன் ரெஜிஸ்டரில், ஒன்று பேஷன்ட் ஃபைலில், ஒன்று பேஷன்ட் கார்டில், ஒன்று கம்பெனிக்கு. நாலும் ஒட்டி முடிகிற வரை தையல் ஊசியை டாக்டர் கையில் கொடுக்க மாட்டாள். டாக்டர் கத்துவார். கத்திவிட்டுக் காத்திருப்பார்.

அதனால் அவள் தியேட்டரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே விதப் பெட்டிகள். இம்ப்ளான்ட்டும் ஸ்டிக்கரும் இருக்கிற பெட்டி. இரண்டும் இல்லாத பெட்டி.

ஸ்டோர் ரூமில் மேஜைமேல் அந்த நாலு பெட்டிகளையும் பிரித்தாள். இம்ப்ளான்ட் எதிலும் இல்லை. ஸ்டிக்கர்கள் இருந்தன. நாலு பெட்டியிலும் நாலு நாலு, ஒன்று கூட உரிக்கப்படாமல்.

"சொரசொரப்பு" என்று வாசித்தாள் பெரியக்கா. "உருண்டை. திருப்பி வாங்கிக்கிட்டாங்களே, அதே மாடல். ரெண்டு பெட்டி 275. ரெண்டு பெட்டி 250."

"என் கார்டுல 275."

பழைய ரெஜிஸ்டர் மேல்தட்டில் இருந்தது. டாக்டரம்மாவின் ஆபரேஷன் தேதியைப் புரட்டினார்கள். அந்தப் பக்கத்தில் பெரியக்காவின் எழுத்து இல்லை. வேறு யாரோ ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள். ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய கட்டத்தில் இரண்டு வார்த்தை: 'ஸ்டிக்கர் சேதம்'.

"அந்த வாரம் என்னை ட்ரெய்னிங்னு வெளியூர் அனுப்பினான்" என்றாள் பெரியக்கா. "தம்பிக்கு நம்மமேல எவ்வளவு அக்கறைன்னு ஊரெல்லாம் சொன்னேன். செருப்பால அடிச்சுக்கணும்."

டாக்டரம்மா ரெஜிஸ்டரில் விரல் வைத்தாள். "அந்த வாரம் என் பேர் ஒண்ணுதான் இருக்கு. வேற யாருமே இல்ல."

"ஆமா."

"ஒருத்திக்கு ரெண்டு பெட்டி. இங்க நாலு இருக்கே."

இருவரும் 250 என்று எழுதியிருந்த அந்த இரண்டு பெட்டிகளையும் பார்த்தார்கள்.

"என் லேப்ல லேபிள் இல்லாத பாட்டில் இருந்தா, என்ன ஏதுன்னு கேக்காம ஒதுக்கி வச்சிடுவேன்" என்றாள் டாக்டரம்மா. "லேபிள் இல்லாம என்னையே பதினாலு வருஷம் அலமாரியில வச்சிருந்திருக்காரு."

*

டாக்டர் தன் அறையில் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டிருந்தார். மேஜைமேல் பெட்டிகள் வந்து உட்கார்ந்ததும் முடிச்சு பாதியில் நின்றது.

"இதை யாரு எடுத்தது?"

"நீதான் எடுக்கச் சொன்னே. பழசு எது இருந்தாலும் கண்ணாடியில வைன்னு" என்றாள் பெரியக்கா. "தங்க எழுத்துன்னா தூக்கிப் போட மனசு வராதே உனக்கு!"

"அக்கா, நீ கொஞ்சம் வெளியில இரு."

"போன தடவை வெளியில இருந்ததோட லட்சணம்தான் இது. இருக்க மாட்டேன்."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வழவழப்புன்னு எழுதினீங்களே, அது எந்தக் கையால?"

"ரெண்டும் ஒரே சிலிக்கான்தாம்மா. மேல்தோல்தான் கொஞ்சம்..."

"எந்தக் கையால?"

டாக்டர் கழுத்துப் பட்டியை அவிழ்த்தார். "அப்ப அதுதான் லேட்டஸ்ட். இங்க விற்பனைக்கே வரல. கம்பெனிக்காரன் பிரியமா குடுத்தான். ரெஜிஸ்டர்ல ஏத்த முடியாது, லைசென்ஸ் வரல. ப்ரோஷருக்கு நாலு போட்டோ மட்டும் கேட்டான். நான் யாருக்கோவா வச்சேன்? என் சொந்தப் பொண்டாட்டிக்கு வச்சேன். அந்த நம்பிக்கை இருந்துச்சு எனக்கு!"

"இலவசமா வந்ததுன்னு வச்சீங்க. அதுக்கு நம்பிக்கைன்னு பேரா?"

"கொச்சையா பேசாதே."

"சரி. அதைத் திருப்பி வாங்கிட்டாங்கன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நியூஸ் வந்தப்ப."

"எனக்கு ஏன் தெரியல?"

"சமயம் பாத்துட்டிருந்தேன்."

"எத்தனை வருஷமா?"

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. பக்கத்துக் கட்டடத்தின் ஏசி மெஷின்கள்தான். "அது ஆயிரக்கணக்குல ஒருத்திக்கு வர்றது. உன்னை எதுக்கு வீணா பயமுறுத்தணும்?"

"வர்ற அந்த ஒருத்திக்கு முழுசாத்தானே வரும்?"

"டேய்" என்றாள் பெரியக்கா. அவளிடம் கோபம் இல்லை. அலுப்புதான் இருந்தது. "சின்ன வயசுல எதையாவது உடைச்சா, பெட்டியில போட்டுக் கட்டிலுக்கு அடியில தள்ளிடுவே. இப்ப அலமாரி உயரமாயிடுச்சு. அவ்வளவுதான் உன் படிப்பு. அந்த 250 யாருக்கு?"

டாக்டர் பெட்டிகளை மேஜை ஓரத்துக்கு நகர்த்தினார்.

"கேக்கறேன் இல்ல? யாருக்கு?"

"விழா முடியட்டும்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "உன் கையைப் பிடிச்சுக் கேக்கறேன்மா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும். மேடையில வந்து நில்லு. நாளைக்கே நானே டெஸ்ட் பண்றேன்."

டாக்டரம்மா பிடித்த கையை விடுவித்துக்கொண்டாள். அதைத் துடைத்துக்கொள்ளவில்லை. அந்த அளவு மரியாதை இன்னும் மிச்சம் இருந்தது.

"வர்றேன். கட்டாயம் வர்றேன்" என்றாள்.

*

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர். இரண்டு மணிக்கு அங்கே கூட்டம் இல்லை.

ஸ்கேன் டாக்டர் ஒரு பெண். பேசாமல் வேலை பார்ப்பவள். திரையில் இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஒரு கறுப்புப் பிறை தெரிந்தது.

"நீர்தான். கொஞ்சம் இல்ல, நல்லாவே இருக்கு. எடுத்து அனுப்பிடலாம். எந்த வகைன்னு தெரியுமா? தெரிஞ்சா லேபுக்கு உதவியா இருக்கும். நிறைய பேருக்குத் தெரியறதில்ல."

"இதோ" என்றாள் பெரியக்கா.

275 பெட்டியிலிருந்து ஒரு ஸ்டிக்கரை நகத்தால் நெம்பி உரித்தாள். பதினாலு வருடம் ஆகியும் பசை போகவில்லை. லேப் படிவத்தின் கட்டத்தில் அதை வைத்து, கட்டைவிரலால் ஓரத்திலிருந்து ஓரம் வரை தேய்த்தாள். முதல்முறையாக அந்த நம்பர் ஒரு பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

ஊசி வலிக்கவில்லை. வைக்கோல் நிறத்தில் நீர் வந்தது. டாக்டரம்மா அதைத் தன் லேபில் பார்ப்பது போலவே, நிறம், அளவு, தெளிவு என்று பார்த்தாள். அப்படிப் பார்த்தால் அது யாருடையதோ மாதிரி இருந்தது.

"ரிசல்ட் வியாழக்கிழமை" என்றாள் ஸ்கேன் டாக்டர். "அதுக்குள்ள எதையும் முடிவு பண்ணிக்காதீங்க. நிறைய தடவை வேற காரணமா இருக்கும். அதுவாவே இருந்தாலும், சீக்கிரம் கண்டுபிடிச்சு இம்ப்ளான்ட்டையும் சவ்வையும் முழுசா எடுத்துட்டா பெரும்பாலும் குணமாயிடும். நல்லவேளை, இப்பவே வந்தீங்க."

"இப்பவே இல்ல டாக்டர். மூணு வாரம் லேட்."

ஜிப் இப்போது ஏறியது. அதைப் பார்த்துத்தான் முதல்முறையாக அவளுக்குப் பயம் வந்தது.

*

சாயங்காலம் ஐந்து மணி. கூடத்தில் அறுபது நாற்காலி, அறுபது கைப்பை. கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டில் கோபுரம் இருந்த இடத்தில் அலங்காரக்காரர் ஒரு பூச்சாடியைச் சொருகியிருந்தார்.

டாக்டர் நன்றாகப் பேசினார். தந்தத்திலிருந்து ஜெல் வரை ஒரு மூச்சில் வந்தார். வழியில் செத்தவர்கள் யாரும் இல்லை, அழுதவர்கள் யாரும் இல்லை. எந்த நாடும் எதையும் தடை செய்யவில்லை. மருத்துவச் சிலிக்கானுக்குப் பதில் தொழிற்சாலைச் சிலிக்கானை அடைத்து விற்று ஜெயிலுக்குப் போன முதலாளி பிறக்கவே இல்லை. அறிவியல் நடந்தது, அழகு வளர்ந்தது, டாக்டர் வந்து சேர்ந்தார்.

"இப்போ என் பேச்சைவிடப் பெரிய சாட்சி" என்று கையை விரித்தார். "பதினாலு வருஷமா!"

கைதட்டல். டாக்டரம்மா மேடையேறினாள். சால்வை இல்லை. கையில் ஒரு வெள்ளை அட்டைப் பெட்டி.

டாக்டரின் கை விரித்தபடியே நின்றது.

"வணக்கம். நான் டீச்சர். அதனால சுருக்கமா முடிச்சிடறேன்" என்றாள். "அதோ அந்தப் போர்டுல கழுத்துக்குக் கீழ இருக்கிறது நான்தான். இன்னிக்குத்தான் தலையோட வந்திருக்கேன்."

சிரிப்பு எழுந்தது. டாக்டரும் சிரித்தார். தாமதமாக.

"என் கார்டுல ஒரு வகை எழுதியிருக்கு. எனக்குள்ள இருக்கிறது வேற வகை. அது இன்னிக்கு மத்தியானம்தான் எனக்குத் தெரியும். கண்ணாடியில வைக்க எடுத்த காலிப் பெட்டியில, ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர் ஒட்டாமயே கிடந்தது." ஒரு ஸ்டிக்கரை உரித்தாள். கார்டை எடுத்து, நீல மையின் மேலேயே ஒட்டினாள். மைக்கில் அது சரக்கென்று கேட்டது. "யாரும் பயப்பட வேண்டாம். ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. உங்க கார்டை எடுங்க. ஸ்டிக்கர் இருந்தா, இவருடைய அக்கா கையால ஒட்டினது. நிம்மதியா உள்ள வைங்க. கையெழுத்து மட்டும் இருந்தா, எழுந்து நில்லுங்க."

"மைக்கை ஆஃப் பண்ணு" என்று டாக்டர் யாரிடமோ சொன்னார். மைக் பெட்டியின் பக்கத்தில் பெரியக்கா நின்றாள்.

ஒரு கைப்பை திறந்தது. பிறகு இரண்டு. பிறகு கூடம் முழுக்க ஜிப்புகளின் சத்தம், வரிசை வரிசையாக. மேடையில் நின்ற பதினைந்து வருடத்தில் டாக்டர் கேட்ட எல்லாக் கைதட்டலையும் அந்தச் சத்தம் மூழ்கடித்தது.

ஒருத்தி கார்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். இன்னொருத்தி கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தாள். கார்டைக் கொண்டு வராதவர்கள் வீட்டுக்குப் போன் போட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. டாக்டரின் முகத்தில் இரத்தம் திரும்பி வரத் தொடங்கியது.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒருத்தி எழுந்து நின்றாள். உயரம், ஒரு தோளைச் சாய்த்து நிற்கிற விதம். கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பே டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டர் பழைய டைரியிலிருந்த நம்பர் ஒன்று விடாமல் கூப்பிடச் சொல்லியிருந்தார். வரவேற்பறைப் பெண் ஒன்று விடாமல் கூப்பிட்டிருந்தாள்.

சின்னவள் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தாள். மேடையின் ஓரத்தில் நின்று, அக்காவின் கையில் தன் கார்டை வைத்தாள். உருண்டை வடிவம், வழவழப்பு, சிலிக்கான் ஜெல், 250. அதே நீல மை. தேதி, டாக்டரம்மாவின் தேதிக்கு நாலு நாள் முந்தியது.

மனைவிக்கு வைப்பதற்கு முன்னால் வைத்துப் பார்க்க ஒருத்தி தேவைப்பட்டிருக்கிறாள்.

டாக்டரம்மா அந்தத் தேதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மேடையில் அவள் பக்கத்தில் ஒரு ஜோடி மினுமினுப்பான ஷூ ஓரடி பின்னால் நகர்ந்தது.

"பதினாலு வருஷம் முன்னாடி உன் வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னேன்" என்றாள் சின்னவள். மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. "கேட்டியா, அக்கா?"